ஆறாவது சட்டம்

காலை அது மேலயே வச்சுக்கங்க சார், பரவாயில்ல. சாக்குத்தான். உள்ள பழந்துணி, சுத்தி நாலு ரீப்பர் கட்டை, அம்புட்டுத்தான். கண்டக்டர் முறைக்கிறான்னு நீங்க காலை மடக்கி மடக்கி உக்காந்தீங்கன்னா, அப்புறம் அவன் பண்ணதுதான் நியாயம்னு ஆயிரும். முழு ஆள் டிக்கெட் போட்டிருக்கான் சார் இதுக்கு. இந்தா பாருங்க, ரெண்டு டிக்கெட். எனக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு. ஏய்யா, இது என்ன மூச்சு விடுதா, சன்னல் சீட்டு கேக்குதான்னு கேட்டேன். "இடத்த அடைக்குதுல்ல, ஆள் கணக்குத்தான்"ங்கிறான். ஆரப்பாளையத்துல ஏறுனதுலருந்து வயிறு எரியுது. துணிக்கு ஆள் டிக்கெட் போட்ட கண்டக்டர இன்னைக்குத்தான் பாக்குறேன்.

என்ன சாமான் இதுன்னு கேட்டீங்கள்ல. சொல்றேன். அந்த ஒயரக் காதுல இருந்து எடுத்துருங்க. பாதி கேட்டுப் பாதி விட்டீங்கன்னா நான்தான் கெட்டவன்னு நினைச்சுக்கிட்டு எறங்கிருவீங்க. என் மச்சான் தவசி அப்படித்தான். பாதி கேட்டதுக்கே கைய ஓங்கிட்டு வந்தவன்.

என் குரல நீங்க கேட்டிருப்பீங்க. ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டிக்கிட்டுப் போகும்ல, "இன்று ஒரு நாள் மட்டுமே"ன்னு? மதுரையில ஓடுறதுல பாதி நான். ஞானவேல். கடைத் திறப்பு, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி, எதுக்கும் இந்தத் தொண்டைதான். வெண்கலத் தொண்டைன்னு ஜெயக்கொடி சொல்லுவா. ஜெயக்கொடி என் வீட்டுக்காரி. சொல்லுவாங்கிறேன், இப்பச் சொல்றதில்ல. தைப் பொங்கலுக்கு மறுநாள் போனவ. அவ அண்ணன் தவசி வீட்டுல இருக்கா. அங்கதான் போறேன்.

குரல் இருந்து என்ன சார் பண்ண, ரூம்பு சரியில்ல. செல்லூர்ல மாடி வீடு. அதுல பத்துக்கு எட்டு ரூம்பு ஒண்ண ரெக்கார்டிங்குக்குன்னு ஒதுக்கினேன். வீட்டுக்காரன் இருக்கான் பாருங்க, கழுவி விடச் சௌகரியம்னு சுவர்ல ஆளுயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி வச்சிருக்கான், கறிக்கடை மாதிரி. மேல காங்கிரீட்டு, கீழ மொசைக். ஒரு தட்டு தட்டுனா டிய்ங்னு சுத்திச் சுத்தி வரும். நான் ஒரு வார்த்த சொன்னா சுவரு நாலு வார்த்த திருப்பிச் சொல்லும். ஜவுளிக்கடை முதலாளி ஒருத்தர் என் ரெக்கார்டிங்கக் கேட்டுட்டு, கடையில இருந்த அத்தன பிள்ளைகளுக்கும் முன்னால, "ஏய்யா ஞானவேல், கக்கூஸுக்குள்ள உக்காந்து பேசுனியா?"ன்னு கேட்டார். சிரிச்சாய்ங்க. சேல மடிக்கிற பிள்ளைக கூடச் சிரிச்சுச்சு. "தீபாவளி விளம்பரம் பெருசு, அதையாவது ஒழுங்காப் பேசிக் கொடு, இல்லேன்னா வேற ஆளப் பாக்குறேன்"னுட்டார்.

அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த எக்கோவக் கொல்லாம விடுறதில்லன்னு.

மொதல்ல முட்ட அட்ட. எவனோ செல்போன்ல சொன்னான், சுவரு பூரா முட்ட அட்ட ஒட்டுனா எக்கோ போயிரும்னு. புரோட்டாக் கடையில கெஞ்சி அம்பது அட்ட வாங்கிட்டு வந்து ஒட்டுனேன். எக்கோ ஒரு மசிரும் போகல, கரப்பான் வந்துச்சு. காகிதம் என்னத்தச் சார் தடுக்கும்? அம்பதையும் கிழிச்சுப் போட்டேன். சுவத்துல பசை திட்டுத் திட்டா இன்னும் இருக்கு, அதுக்கு வீட்டுக்காரன்கிட்ட வாங்குன ஏச்சு தனி.

அப்புறம் ஒரு நாள் மெத்தக் கடையில நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தேன். என் குரலே எனக்கு வெட்டி வச்ச மாதிரி விழுகுது. சுத்திப் பாத்தா பஞ்சு மூட்ட. அப்பத்தான் பொறி தட்டுச்சு. சத்தத்தத் தடுக்கக் கூடாது, குடிக்க விடணும். கனமா, மெத்துன்னு, காத்து போய்வர்ற மாதிரி இருக்கணும். பஞ்சு வாங்க வக்கில்ல. பழந்துணிக்கு என்ன பஞ்சம்? ரீப்பர் கட்டையில சட்டம் அடிச்சு, பருத்தித் துணிய மடிச்சு மடிச்சு அரையடி கனத்துக்கு அடுக்கி, மேல சணல் சாக்கப் போத்தித் தச்சு, சுவத்துலருந்து நாலு வெரக்கடை தள்ளி மாட்டணும். ஒட்டி மாட்டக் கூடாது. அந்தச் சந்துதான் சூட்சுமம். இது யாரும் சொல்லிக் கொடுக்கல, நானா மாட்டி மாட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சது.

ஜெயக்கொடி அப்ப நல்லாத்தான் ஒத்தாச பண்ணா. பொய் சொல்லக் கூடாதுல்ல. கோணி ஊசியும் சணலும் எடுத்துக்கிட்டு உக்காந்தான்னா ஒரு சட்டத்த ஒரே மூச்சுல தச்சிருவா. அவ தையல் பாருங்க, இந்தா, ஓரத்துல. ஒண்ணுக்கு ஒண்ணு ஒரே அளவா இருக்கும். சட்டத்த எங்க மாட்டணும்கிறதுக்கும் அவதான். நான் மைக்கு முன்னால உக்காந்துக்கிருவேன். அவ மூஞ்சி பாக்குற கண்ணாடியச் சுவத்துல வச்சு நகத்திக்கிட்டே வருவா. கண்ணாடியில எங்க என் வாய் தெரியுதோ அங்க ஒரு சட்டம். சத்தம் மொதல்ல போய் முட்டுற எடம் அதுதான். "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா"ன்னு கேட்டுக்கிட்டே வருவா. எனக்கு என் வாய் மட்டுந்தான் தெரியும், அவளத் தெரியாது, அவ கண்ணாடிக்குப் பின்னால இருப்பா.

டெஸ்டுக்குக் கையும் அவதான் தட்டுவா. போன்ல இருக்கு, கேளுங்க. எக்கோ எப்பிடி இருந்துச்சுன்னு தெரியணும்ல. இந்தா.

கேட்டுச்சா? டிய்ங்னு போகுது பாருங்க. அப்புறம் "போதுமாங்க?"ன்னு கேக்குறது அவதான். இருங்க, இன்னொரு தடவ போடுறேன். ஆங். இல்ல இல்ல, எக்கோவக் கேக்கத்தான் போட்டேன். வேற எதுக்கு?

அஞ்சு சட்டம் முடிஞ்சுச்சு. ரெண்டு பக்கமும் ரெவ்வெண்டு, முதுகுக்குப் பின்னால ஒண்ணு. என் வேட்டி, கைலி, அவ பழைய சேல, போர்வ, தலகாணி உறைன்னு வீட்டுல இருந்த பருத்தி பூரா போயிருச்சு. சத்தம் முக்கால்வாசி அடங்கிருச்சு. ஆனா நேர் எதுக்க, என் வாய்க்கு நேரா ஒரு சட்டம் வேணும். அதுதான் முக்கியம். அது மட்டும் இல்லாம டிய்ங்கு போக மாட்டேங்குது. மறுநாக் காலையில ஜவுளிக்கடைக்கு ரெக்கார்டிங் கொடுக்கணும். கட்ட அடிச்சு வச்சிருக்கேன், திணிக்கத் துணி இல்ல. பக்கத்து வீட்டுல கேட்டா, கேக்கக் கூடாததக் கேட்ட மாதிரி முழிக்கிறாய்ங்க. ஜெயக்கொடி ரேஷன் கடைக்குப் போயிருக்கா. எனக்குத் தலைக்கு மேல கத்தி. அண்ணாந்து பாத்தா பரண் மேல ஓலப்பெட்டி.

இந்த எடத்துலதான் சார் எல்லாரும் என்னக் குத்தம் சொல்றது. பெட்டியப் பத்திச் சொல்லிர்றேன்.

ஜெயக்கொடிக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சாம். நாகஜோதின்னு பேரு. நான் பாத்ததில்ல, எங்க கல்யாணத்துக்கு முந்தியே மஞ்சக்காமாலையில போயிருச்சு. பதினாறு வயசு. கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ளையக் கன்னியா வச்சுக் கும்பிடுறது அவுக வீட்டு வழக்கம். உங்க பக்கம் உண்டா? ஒரு ஓலப்பெட்டியில சீப்பு, வளையலு, மஞ்சக்கெழங்கு, ஒரு தாவணி. வருசா வருசம் தைப் பொங்கலுக்கு மறுநாள் பெட்டியத் தொறந்து, புதுத் தாவணி ஒண்ணு மேல வச்சு மூடிருவாய்ங்க. அது யாரும் கட்டுறதுக்கில்ல. அது அந்தப் பிள்ளைக்கு. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குச் சாமிப் பெட்டி தூக்கும்போது இந்தப் பெட்டியும் கூடப் போகும்.

அந்தப் பெட்டி தவசி வீட்டுலதான் இருக்கணும். அவுக ஆத்தா செத்ததும், "செத்த பிள்ள சாமான் நம்ம வீட்டுல வேணாம்"னுட்டா தவசி பொண்டாட்டி. தவசி வாயத் தொறந்தானா? தொறக்கல. இவதான் இடுப்புல தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தா. நான் ஒரு வார்த்த சொன்னனா? அந்த ரூம்புல மூலையில வச்சுக்கோன்னேன். அப்புறம் மைக்கு வைக்க எடம் பத்தலன்னு பரணுக்கு ஏத்துனேன், அது வேற விசயம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம வெளக்கு வச்சு அதுகிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டிருப்பா. வெல ஏறிப் போச்சுங்கிறது, மேலுக்குச் சொகமில்லங்கிறது. நான் ரெக்கார்டிங் இல்லாத நேரமாப் பாத்துப் பேசுன்னு சொல்லுவேன். வேற ஒண்ணும் சொன்னதில்ல. இன்னைக்கு அந்தப் பெட்டிக்காக என் சட்டையப் பிடிக்க வந்தானே தவசி, அன்னைக்கு எங்க போனான்?

சரி. தொறந்தேன். பதினோரு தாவணி. ஒண்ணு கூட மடிப்புக் கலையல, கஞ்சி மொடமொடப்புக் கூடப் போகல. கெட்டிப் பருத்தி. வேற யாராச்சும் அந்த நெலமையில இருந்தா என்ன செய்வாய்ங்க, நீங்களே சொல்லுங்க. பரண் மேல பூச்சி அரிச்சுக்கிட்டுக் கெடக்குறது, ஒரு தொழிலுக்கு ஆகட்டுமேன்னுதான். எடுத்து அடுக்குனேன். அளவெடுத்து வச்ச மாதிரி உக்காந்துருச்சு. சீப்பு, வளையல நான் தொடல. பெட்டி காலியாக் கெடந்தா ஓல அமுங்கிருமேன்னு நாலு நாள் பேப்பர மடிச்சு உள்ள வச்சு மூடுனேன். ஏமாத்தவா வச்சேன்? பெட்டிக்காக வச்சது.

ஜெயக்கொடி வந்தா. சட்டத்தக் கவுத்து, சாக்கப் போத்தி அவகிட்டக் கொடுத்தேன். "உள்ள என்னங்க வச்சீங்க?"ன்னா. "துணிதான், எங்கிட்டோ கெடச்சுச்சு"ன்னேன். பொய்யா? துணிதானே? சந்தோசமா உக்காந்து தச்சா. நாலு பக்கமும் அவ கையாலதான் தச்சு மூடுனா. அதத்தான் நான் தவசி சண்டைக்கு வந்தப்பக் கேட்டேன், தச்சது யாரு? நானா?

மாட்டுனேன் சார். கை தட்டச் சொன்னேன். தட்டுனா. ஒண்ணுமே வரல. தட்டுனது தட்டுன எடத்துலயே செத்துருச்சு. என் குரல் வந்துச்சு பாருங்க, ஆகா, காதுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி. ஜவுளிக்கடை முதலாளி கேட்டுட்டு, "இது யாருய்யா, நீயா?"ன்னார். தீபாவளிக்கு மதுரை பூரா என் குரல்தான். கார்த்திகை, மார்கழி, வேல ஓயல. அந்தச் சட்டத்தப் பாத்துத்தான் அம்புட்டும் பேசுனேன். "வாங்க வாங்க, அள்ளிச் செல்லுங்க"ன்னு தினம் அதப் பாத்துக் கத்துனேன். எனக்குச் சட்டந்தான் தெரிஞ்சுச்சு.

தை வந்துச்சு. பொங்கலுக்கு மறுநாள் குளிச்சு முழுகிப் புதுத் தாவணியோட பெட்டியத் தொறந்தா. ரோசாப்பூக் கலர். நான் காப்பி குடிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு மறந்தே போச்சு சார், சத்தியமா. அவ கத்துவான்னு பாத்தேன். கத்தல. பேப்பர் ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வச்சா. "எங்க?"ன்னா. கைய நீட்டிக் காட்டுனேன். ரூம்புக்குள்ள போய் அந்தச் சட்டத்துக்கு முன்னால நின்னா. தன் தையல விரலால தடவிப் பாத்தா. என்னமோ சொன்னா. அந்த ரூம்புல மெதுவாப் பேசுனா பாதி காதுக்கு வராது, அம்புட்டு நல்லாச் செஞ்சிருக்கேன். "என்ன சொன்ன?"ன்னேன். திரும்பி நின்னு சொன்னா, "மூணு மாசமாப் பேப்பருக்கு வெளக்கு வச்சிருக்கேன். நீங்க அவ மூஞ்சியப் பாத்துக் கத்திக்கிட்டு இருந்திருக்கீங்க. அவளுக்குச் சத்தம்னாலே ஆகாது."

சத்தம்னா ஆகாதாம். செத்துப் போன பிள்ளைக்கு!

நான் கத்திரிய எடுத்துக் கொடுத்தேன். இந்தா அறுத்து எடுத்துக்கோன்னேன். கொடுத்தனா இல்லையா? "நான் தச்சது. நான் அதுல கத்திரி வைக்க மாட்டேன். உள்ள வச்ச கை வெளிய எடுக்கட்டும்"னுட்டு, வெறும் பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டா.

மூணாம் நாள் தவசி வந்தான், ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு. "அதக் கழட்டிக் கொடுறா"ன்னான். என் வீட்டுக்குள்ள நின்னு என்ன டாங்கிறான். கொடுக்க முடியாதுன்னுட்டேன். கழட்டுனா எக்கோ திரும்ப வந்துரும், என் பொழப்புல மண்ண அள்ளிப் போடுறியான்னேன். கைய ஓங்குனான். நானும் ஓங்குனேன். பக்கத்து வீட்டுக்காரன் வந்து வெலக்கி விட்டான். "பொண்டாட்டி வேணுமா சட்டம் வேணுமா, முடிவு பண்ணு"ன்னுட்டுப் போனான் தவசி. சட்டந்தான்டான்னு மாடியில நின்னு கத்துனேன். தெருவே கேட்டுச்சு. வெண்கலத் தொண்டயில்ல.

என்னது? மஞ்சப் பையில துணிய மட்டும் போட்டுக் கொண்டாந்திருக்கலாமேன்னா? கண்டக்டரும் அதத்தான் கேட்டான். உங்களுக்கெல்லாம் லேசாப் போச்சு. பிளேட எடுத்து ஓரத்துத் தையல்ல வச்சேன் சார், ஒரு நாள் இல்ல, நாலஞ்சு நாள். பிளேடு மொக்க. செல்லூர்ல விக்கிற பிளேடு பூராவும் மொக்க. அதான் முழுசாத் தூக்கிட்டு வந்தேன்.

இப்ப எதுக்குப் போறேன்னு கேப்பீங்க. அவ காலுல விழுக இல்ல. நாளைக்குச் சிவராத்திரி. தவசி மக போன் போட்டுச்சு. "சிவராத்திரிக்குள்ள சின்னத்த வரணும், சின்னத்த வரலன்னா பெரியத்தையும் இனி மதுரைக்கு வராதாம் மாமா"ன்னுச்சு. சின்னத்தங்கிறது யாருங்கிறீங்க, இந்தத் துணிதான். பெரியத்தன்னு சொன்னது ஜெயக்கொடிய. வரணுமாம்! கொண்டாரணும்னு சொல்லு, சரி. வரணும்னா, நடந்தா வரும்?

அதுக்காகவும் இல்ல. சோத்துக்குக் கஷ்டமா இருக்கு, அதான். அப்புறம் தொழிலும் கொஞ்சம் சொணங்கிருச்சு. போன வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி. பேப்பர்ல எழுதிக் கொடுத்திருந்தாய்ங்க. ஒரு பிள்ள, பரீச்சைக்குப் போகையில லாரி. ஆயிரம் கண்ணீர் அஞ்சலி பேசியிருக்கேன் சார், எனக்கு ஒண்ணும் பண்ணாது. மைக்கப் போட்டேன், நேரா அந்தச் சட்டத்தப் பாத்து, "பதினாறு வயதே ஆன"ன்னு ஆரம்பிச்சேன். வரல. மறுபடி. வரல. பதினாலு தடவ. சாக்குத் தூசி சார், தொண்டைய அடைச்சிருச்சு. சட்டத்த ஒரு போர்வையப் போட்டு மூடிட்டுப் பேசுனேன், அப்பவும் அடைச்சுச்சு. கடைசியில மூலைப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு, வெறுஞ்சுவத்தப் பாத்துப் பேசிக் கொடுத்தேன். எக்கோ அடிச்சுச்சு. எடுத்துக்கிட்டுப் போனவுக ஒண்ணும் சொல்லல, அழுதுக்கிட்டுல்ல இருந்தாய்ங்க.

அன்னையிலருந்து அந்த ரூம்புக்குள்ள போக முடியல. என்ன பேசுனாலும் திரும்பி வராது, பாத்துக்கங்க. நான் செஞ்சதுதான், அப்படி இருக்கணும்னுதான் செஞ்சேன். ஒரு நாளு "ஜெயக்கொடி"ன்னு கூப்பிட்டுப் பாத்தேன். டெஸ்டுக்குத்தான். சுவரு கூடப் பதில் சொல்லல. எனக்கு அவ மேல அம்புட்டுக் கோவம் வந்துச்சு.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிருவேன் சார் அவகிட்ட. மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். இந்தா, ஒரு நூலு அறுக்கல, அப்படியே இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ, பதினொண்ணும் இருக்கும்னு சொல்லுவேன். பன்னெண்டாவது அந்த ரோசாக் கலர்த் தாவணி, அத அவசரத்துல என் வீட்டுலயே போட்டுட்டுப் போயிட்டா. அதையும் கொண்டாந்திருக்கேன், இந்தா சட்டைக்குள்ள. வெயில் படக்கூடாதுன்னுதான். அதுக்கு மேல அவ வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்.

அந்தா வந்துருச்சு வெலக்கு, தவசி ஊருக்குப் பிரியுற ரோடு. புளியமரத்துக்கு அடியில தவசி நிக்கிறான் பாருங்க, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. சண்டைக்குத்தான் நிக்கிறான். பக்கத்துல... ஆமா. அவதான். எந்த பஸ்ஸுன்னு அந்தப் பிள்ளகிட்டச் சொன்னது நான்தான், ஆனா இவ வரமாட்டான்னு நினைச்சேன். ஓலப்பெட்டிய இடுப்புல வச்சிருக்கா. மூடி இல்லாம. தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா சார்.

சார், காலை எடுங்க. எடுங்கங்கிறேன்ல! ஆமா, நான்தான் வைக்கச் சொன்னேன், அதுக்காக ஒரு மணி நேரமாச் செருப்போடவா வச்சிருப்பீக? படிச்ச மனுசன்தானே நீங்க? தொடைக்க வேணாம், விடுங்க, நான் தொடச்சுக்கிறேன். அந்தப் பக்கம் பிடிங்க. பைய. பையங்கிறேன், கம்பியில இடிக்காம. உள்ள என் கொழுந்தியா இருக்கு.

யோவ் கண்டக்டர், என்னய்யா வேடிக்க பாக்குற? விசில ஊது. ரெண்டு டிக்கெட் எறங்குது.